மூன்று விரல் மடக்கிய கை

பாய்,

இன்று காலை ராயக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் ஒருவன் அட்டைப்பெட்டி நிறையக் கலர்க் குஞ்சுகளோடு உட்கார்ந்திருந்தான். பச்சை, ரோஜா, மஞ்சள். பெட்டியிலிருந்து உமியும் சூடேறிய செய்தித்தாளும் கலந்த வாசனை வந்தது. தக்காளி வாங்கப் போனவன் அங்கேயே நின்றுவிட்டேன். அந்த வாசனை வந்தால் பின்னாலேயே உங்கள் சைக்கிள் மணியும் கேட்க வேண்டும். கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மகளைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன். எனக்கு எழுத்து தெரியாது என்பது உங்களுக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல அவள் எழுதுகிறாள். என் பேச்சைக் கொஞ்சம் சீர் செய்துதான் எழுதுகிறாள். செய்யட்டும்.

எண்பதுகளின் நடுவில் ஓசூரில் நாம் ஒரே வரிசை வீடுகளில் குடியிருந்தோம். முதல் வீடு நீங்கள், மூன்றாவது நான். முட்டைக்கோழிக் குஞ்சு பொரிக்கும் ஹேச்சரியில் சேவல் குஞ்சுகளை வேண்டாம் என்று கழித்துவிடுவார்கள். நீங்கள் அவற்றை வாங்கிவந்து சாயம் ஏற்றி, கூடையைச் சைக்கிளில் கட்டித் தெருத்தெருவாக விற்பீர்கள். நான் ஒரு கம்பெனியில் பிரஸ் மெஷினில் இருந்தேன். அந்த மெஷினில்தான் என் வலது கையின் நடு மூன்று விரல்களும் போயின. பெருவிரலும் சுண்டு விரலும் மிஞ்சின.

கட்டுப் பிரித்த அன்று, அப்போது நாலு வயதான இதே மகள் அந்தக் கையைப் பார்த்துவிட்டு அவள் அம்மாவுக்குப் பின்னால் ஓடினாள். "அந்தக் கை வேணாம்" என்று அழுதாள். அதற்குப் பிறகு என் பக்கமே வரவில்லை. நான் கையில் துண்டைச் சுற்றிக்கொண்டேன். மூடினால் வருவாள் என்று நினைத்தேன். உள்ளே இருப்பது என்னவென்று அவளுக்குத் தெரியுமே, துண்டைக் கண்டு இன்னும் பயந்தாள்.

இதைச் சொல்லும்போது மகள் பேனாவை நிறுத்திவிட்டு, "அப்பா, இத எழுதணுமா?" என்று கேட்கிறாள். எழுதத்தான் வேண்டும். இது இல்லாமல் பாய்க்கு நான் சொல்ல என்ன இருக்கிறது?

கம்பெனியில் வேறு வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். அதுவரை வீட்டில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். ஒரு மத்தியானம் நீங்கள் கூடையோடு வந்தீர்கள்.

"ண்ணா, இந்த இருவது குஞ்சயும் ஒரு வாரம் வெச்சிக் கையில பழக்கிக் குடுங்க."

"கையில பழக்கறதா? ஆளப் பாத்துதான் கேக்கறீங்களா பாய்?"

"பாத்துதான் கேக்கறேன். பசங்க வாங்கனதும் லபக்குனு மேலருந்து புடிக்குதுங்க. குஞ்சு பயத்துலயே ரெண்டு நாள்ல போயிடுது. நேத்து ஒரு பாப்பா செத்த குஞ்சக் கொண்டாந்து, 'ரிப்பேர் பண்ணிக் குடுங்க பாய்'ங்குது. எனக்கு அந்தத் தெருவுக்குப் போகவே காலு வரலணா."

சிரிப்பும் வந்தது, சிரிக்கவும் முடியவில்லை. வைத்துவிட்டுப் போங்கள் என்றேன்.

முதல் நாளே கெடுத்தேன். உமிமேல் செய்தித்தாள் விரித்து, சூட்டுக்குப் பல்பு தொங்கவிட்டு, கேழ்வரகை எடுத்துக்கொண்டு துண்டு சுற்றிய கையைக் கூடைக்குள் விட்டேன். அத்தனையும் ஒரே மூலைக்கு ஓடி ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டன. பிரித்து எடுப்பதற்குள் அடியில் மாட்டிய ஒரு ரோஜாக் குஞ்சு செத்துப்போனது. சாயங்காலம் நீங்கள் வந்ததும் கத்தினேன்.

"எடுத்துக்கிட்டுப் போங்க பாய். எம் பொண்ணுக்கும் ஆவல, உங்க குஞ்சுக்கும் ஆவல இந்தக் கை."

நீங்கள் செத்ததை எடுத்து வெளியே வைத்துவிட்டு வந்து நிதானமாகச் சொன்னீர்கள்: "கை இல்லணா, துண்டு. மேலருந்து துணி பறந்து வந்தா குஞ்சுக்கு அது பருந்து. கழட்டுங்க."

கழற்றினேன். அதுவரை அந்தக் கையைப் பார்த்தவர்கள் ஒன்று முகத்தைத் திருப்பினார்கள், இல்லாவிட்டால் உச்சுக்கொட்டினார்கள். நீங்கள் சைக்கிள் செயினைப் பார்ப்பதுபோலப் பார்த்தீர்கள். எது ஓடுகிறது, எது ஓடவில்லை என்று.

"ரெண்டு இருக்கே, போதும். கோழிக்கு ஒரு மூக்குதான?"

பிறகு காட்டிக் கொடுத்தீர்கள். கையைப் பக்கவாட்டில், தரையோடு தரையாக வைக்க வேண்டும். தாய்க்கோழி கொத்துவதுபோலக் காகிதத்தின்மேல் தட்ட வேண்டும். தட்டிவிட்டு அசையாமல் விட்டுவிட வேண்டும். என் பெருவிரலும் சுண்டு விரலும் முன்னும் பின்னுமாக விழுந்து 'டொக்-டக்' என்று ஒரு சத்தம் வந்தது. எந்த முழுக் கைக்கும் அந்தச் சத்தம் வராது.

என் வீட்டுக்காரி உள்ளேயிருந்து, "வாயாலதான் கூப்புடுங்களேன், பா பான்னு" என்றாள்.

"கன்னடத்துல பா பான்னு கூப்புட்டாச்சு, தெலுங்குல ரா ரான்னும் கூப்புட்டாச்சும்மா. இதுங்களுக்கு எந்த பாஷையும் வரல" என்றீர்கள். என்னிடம் திரும்பி, "வர்றது அதுங்க வேல. கெடக்கறதுதான் நம்ம வேல" என்றீர்கள்.

கிடந்தேன். மூன்றாம் நாள் ஒரு பச்சைக் குஞ்சு வந்தது. கேழ்வரகை விட்டுவிட்டுத் தழும்பைக் கொத்தியது. அங்கே தோல் இளசு, சுரீரென்றது. கையை இழுக்கவில்லை. மறுநாள் அது உள்ளங்கையில் ஏறிப் படுத்துக்கொண்டது. மூன்று விரல் போன இடத்தில் ஒரு குஞ்சு உட்கார அளவெடுத்ததுபோல இடம் இருந்தது பாய். அது கண்ணை மூடித் தூங்கியபோது நான் மூச்சுவிடவும் யோசித்தேன்.

மகள் முதலில் கதவோரம் நின்று பார்த்தாள். பிறகு கட்டிலோரம். வாரம் முடிந்து நீங்கள் கூடையை எடுக்க வந்தபோது, கூடைக்கு அந்தப் பக்கம் வந்து குந்தியிருந்தாள். குட்டி விரல்களால் காகிதத்தைத் தட்டினாள். ஒன்றும் வரவில்லை. மறுபடி தட்டினாள். குஞ்சுகளுக்கு என் தட்டுதான் பழக்கம். அவள் என் கையைப் பார்த்தாள். கட்டுப் பிரித்த பிறகு அவள் அதை முழுசாகப் பார்த்தது அன்றுதான்.

பிறகு தன் நடு மூன்று விரல்களையும் மடக்கினாள். அவை நிற்கவில்லை, எழும்பி எழும்பி வந்தன. இன்னொரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, பெருவிரலையும் சுண்டு விரலையும் ஊன்றித் தட்டினாள். டொக்-டக். இரண்டு குஞ்சு வந்தன.

"எனக்கும் அப்பா கை!" என்று கத்தினாள்.

எனக்கு அவளை அள்ளிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. கையைத் தூக்கவில்லை. கிடக்கறதுதான் நம்ம வேலை. கொஞ்ச நேரம் கழித்து அவளே ஒரு பிடி கேழ்வரகை என் உள்ளங்கையில் கொட்டி, பெருவிரலைப் பிடித்து இழுத்து, "நீயும் தட்டுப்பா" என்றாள்.

நீங்கள் கூடையை எடுக்கவில்லை. "இன்னும் பழக்கம் சரியா ஆவலணா. இன்னொரு வாரம் இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு வெறும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனீர்கள்.

மகள் எழுதுவதை நிறுத்திவிட்டாள். "இது எனக்கு ஞாபகமே இல்லப்பா" என்கிறாள். எனக்கு இருக்கிறது, நீ எழுது என்றேன்.

அதன் பிறகு கம்பெனி ஸ்டோரில் வேலை கிடைத்தும் உங்கள் கூடை வாராவாரம் என் வீட்டுக்கு வந்தது. துண்டு தோளுக்குப் போனது. சாயம் உதிர்ந்து வெள்ளையாக வளர்ந்த சேவல் ஏதாவது பக்கத்துத் தெருவில் கூவினால், "நம்ம ஆளு கூப்புடறான்ணா" என்பீர்கள்.

உங்களிடம் ஒருநாளும் நன்றி சொன்னதில்லை. சொல்லியிருந்தால், "குஞ்சப் பாத்துக்கிட்டதுக்கு நான்தான சொல்லணும்" என்று வாயை அடைத்திருப்பீர்கள். நீங்கள் போய் இரண்டு மழைக்காலம் ஆகிறது. கிருஷ்ணகிரியில் உங்களை அடக்கம் செய்த அன்று எல்லோரும் மூன்று பிடி மண் போட்டார்கள். நானும் குனிந்து அள்ளினேன். இந்தக் கையில் மண் நிற்கவில்லை, இடைவெளியில் ஒழுகியது. உங்கள் மகன் தன் கையை என் கைக்குக் கீழே வைத்துத் தாங்கினான். மூன்று பிடியும் அப்படித்தான் போட்டேன்.

இன்று காலை பெட்டிக்குள் கையை வைக்கப் போனபோது விற்கிறவன், "பெரியவரே, கைய வுடாதீங்க, மெரளும்" என்றான். ஓரமாகத் தாழ்த்தி வைத்துத் தட்டினேன். எல்லாம் மூலையில் ஒண்டின. நான் வீட்டுக்குத் திரும்ப வேண்டிய பஸ் வந்தது, போனது. பிறகு ஒரு மஞ்சள் குஞ்சு தனியாகப் பிரிந்து வந்து பெருவிரலைக் கொத்தியது.

"இன்னா பண்ணீங்க?" என்றான்.

"ஒண்ணும் பண்ணலப்பா, கெடந்தேன்" என்றேன்.

மடல் முடிந்தது, கைநாட்டு வைக்க வேண்டும். ஆபீஸ்களில் எல்லாம் இடது கைப் பெருவிரலைத்தான் கேட்பார்கள். மகளும் பழக்கத்தில் அதையே கேட்டாள். இதற்கு வலது கை என்று சொல்லி மேசைமேல் தாழ்த்தி வைத்திருக்கிறேன். அவள் அதைப் பிடித்து மை தடவிக்கொண்டிருக்கிறாள், பாய்.