மெல்போர்னுக்கு அனுப்பாத அரை நிமிடம்

என் பொல்லாத அக்காவுக்கு,

உன் மகள் ராஜிக்குக் கல்யாணம் முடிந்துவிட்டது. மெல்போர்னில், ஒரு கோயில் மண்டபத்தில். கால் ஆபரேஷன் ஆகி பிரிக்பீல்ட்ஸ் வீட்டிலேயே கிடந்த என்னால் போக முடியவில்லை. தாய்மாமன் இல்லாமல் ஒரு கல்யாணமா என்று நீ ஏசுவது கேட்கிறது. நன்றாக ஏசு. நீ கண்ணை மூடி, உன்னிடம் ஏச்சு வாங்காமல் இரண்டு வருஷமாகிறது.

கல்யாணத்துக்கு நாலு நாள் இருக்கும்போது ராஜி போன் பண்ணினாள். “மாமா, அம்மா பாடுனாத்தான் எனக்கு நலங்கு. அந்தக் கேசட்டு இருக்கா?”

இல்லாமல் போகுமா? கிள்ளானில் நமக்குத் தெரிந்த எந்த வீட்டிலும், பெண்ணுக்கு மஞ்சள் பூச உட்காரவைத்தால் முதலில் உனக்குத்தானே ஆள் வரும். எண்பதுகளின் தொடக்கத்தில் நான் புது கேசட் ரேடியோ செட் வாங்கிய கையோடு உன் சமையலறைக்கு வந்து, உன்னை மடக்கிப் பாடவைத்துப் பதிவு செய்தேன். ராஜி அப்போது ஸ்டாண்டர்ட் ஒன். பின்னால் மீன் பொரியும் சத்தம்கூட அதில் இருக்கிறது.

தபாலில் போட்டால் நேரத்துக்குப் போய்ச் சேராது. ஊன்றுகோலோடு தெருமுனை சைபர் கஃபேக்குப் போனேன். கடைக்காரர் சேகர், ரேடியோவுக்கும் கம்ப்யூட்டருக்கும் ஒயர் போட்டு, பாட்டை உள்ளே ஏற்றினார்.

“அங்கிள், இது வேவ் ஃபைல். இருபது எம்பி. இமெயில்ல போகாது லா. ஒரு வெப்சைட் இருக்கு, அதுல ஏத்துனா எம்பி3 ஆக்கிக் குடுக்கும். ரெண்டு எம்பிக்கு வந்துரும்.”

“குரல் கெட்டுப் போயிடாதே?”

“காதுக்குத் தெரியாததைத்தான் எடுக்கும். அக்கா அப்படியே இருப்பாங்க.”

ஏற்றுவதற்கு முன் ஒரு தரம் முழுவதும் கேட்டேன். கேட்டுவிட்டு, தொடக்கத்தில் இருக்கும் அரை நிமிடத்தை வெட்டச் சொன்னேன். இன்னும் கொஞ்சம் சின்னதாகுமே என்று சாக்கு வேறு.

“அரை நிமிஷத்துல என்ன பெருசா குறையப் போகுது அங்கிள்?”

“வெட்டுங்க பாஸ்.”

மத்தியானம் முழுக்க அங்கேதான். போன் லைன் இரண்டு தரம் அறுந்து, இரண்டு தரமும் முதலிலிருந்து ஏற்ற வேண்டியதாயிற்று. மூன்று கோப்பி குடித்தேன், மூன்றும் சீனி போட்டு. சாயங்காலம் அது ராஜிக்குப் போய்ச் சேர்ந்தது.

நேற்று அவள் பேசினாள். நலங்கில் உன் குரல் வந்ததும் எல்லார் கண்ணிலும் ஈரமாம். நானும் பெருமையாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். அப்புறம் கேட்டாளே ஒரு கேள்வி!

“மாமா, யாரையாச்சும் ஏசாம அம்மா பாட ஆரம்பிக்கவே மாட்டாங்களே. இதுல நேரா பாட்டு வருது. முன்னாடி ஒண்ணும் இல்லையா?”

“ஒண்ணும் இல்லம்மா” என்றேன்.

எப்படிச் சொல்வேன், அக்கா? அந்த அரை நிமிடத்தில் நீ என்ன சொன்னாய் என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதா? “டேய், நிறுத்துடா அதை. என் மவ நலங்குக்குக் கேசட்டா போடுவாங்க? நான் இருக்க மாட்டேனா அங்க? நானே பாடுவேன் லா.” சிரித்துக்கொண்டே சொல்கிறாய். மணையில் உட்காரப் போகிற பெண்ணுக்கு அதை எப்படி அனுப்ப?

அவள் தாங்க மாட்டாள் என்றுதான் வெட்டினேன். நேற்றிலிருந்து யோசிக்கிறேன். தாங்க முடியாதது அவளுக்கா, எனக்கா? அவள் கேட்டது பாட்டை மட்டும்தானா?

வெட்டாத பெரிய ஃபைலை சேகர் சிடியில் போட்டுத் தந்திருக்கிறார். தீபாவளிக்கு ராஜி மாப்பிள்ளையோடு வருகிறாள். பொய் சொன்னதை முதலில் ஒப்புக்கொள்வேன். பிறகு பக்கத்தில் உட்கார்ந்து, உன் முதல் வார்த்தையிலிருந்து போட்டுக் காட்டுவேன். அவள் அழுதாலும் நிறுத்த மாட்டேன், நான் அழுதாலும் நிறுத்த மாட்டேன். இது சத்தியம்.

நிறுத்தச் சொல்லியும் நிறுத்தாத உன் தம்பி,
குணா