தன்னையே கூப்பிட்டுக்கொண்டிருந்த வார்த்தை

மாப்பிள்ளை,

சூடான பிளாஸ்டிக் வாசம் வீடு முழுக்க அடிக்கிறது. ஜன்னலைத் திறந்து வைத்தும் போகவில்லை. மாமாவுக்கென்று நீங்கள் சாப்பாட்டு மேசையில் வைத்துக் கொடுத்த கம்ப்யூட்டரிலிருந்துதான் வருகிறது. காலையில் அவர் எதையோ தட்டினார். உள்ளே விசிறி இரைந்ததே தவிர பேச்சு வரவில்லை. அணைத்து ஆறவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். அஞ்சாம் வகுப்போடு நின்றவள்தான். ஆனாலும் என் கடிதத்தை நானேதான் எழுதுவேன், யாரையும் எழுதச் சொல்ல மாட்டேன். உங்களுக்குத் தெரியாததா?

பக்கவாதம் வந்து மாமாவின் பேச்சும் வலது கையும் போனபோது, ஞாயிறுதோறும் இந்த புக்கிட் மேரா வீட்டுக்கு வந்து உட்கார்ந்தீர்கள். கறுப்புத் திரையில் ஆங்கில எழுத்தில் 'தண்ணி' என்று அவர் தட்டினால், 'தண்ணி வேணும்' என்று கம்ப்யூட்டர் பேசும்படி செய்தீர்கள். இப்படி அவருக்கு வேண்டிய வார்த்தைகளை ஒவ்வொன்றாகச் சேர்த்தீர்கள்.

"அத்தை, இந்தச் சின்ன வார்த்தைக்கு ரேப்பர்னு பேரு. கறிவேப்பிலை சுத்திக் குடுக்கிற பேப்பர் மாதிரி. வேலை செய்யறவன் உள்ள இருக்கான். அவனைக் கூப்பிடுறது மட்டும்தான் இதோட வேலை."

"அதெல்லாம் சரி, யாரு இந்த ஆம்பளைக் குரல்? என் புருஷன் இவ்வளவு மரியாதையாப் பேசி நான் கேட்டதே இல்லையே!"

"மரியாதையைக் குறைக்கவும் ஒரு கமாண்ட் போட்டுரலாம் அத்தை."

மாமா தோள் குலுங்கச் சிரித்தார். நோய் வந்தபின் அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

ஒருமுறை 'டீ' பேசாமல் போனது. திறந்து பார்த்துவிட்டு, "போன வாரம் டெக்கா மார்க்கெட்ல நான் 'அத்தை'ன்னு கூப்பிட்டப்ப என்ன ஆச்சு?" என்று கேட்டீர்கள். மீன் கடை வரிசையில் மூன்று பெண்கள் திரும்பிப் பார்த்திருந்தார்கள். "அதேதான் இங்கயும். வெறும் பேரைச் சொன்னா யாரோ ஒருத்தர் வர்றாங்க. பிளாக், மாடி, கதவு நம்பரோட சொன்னாத்தான் சரியான ஆள் வருவாரு." 'டீ'க்கு முழு முகவரி போட்டீர்கள். மற்றதை அடுத்த வாரம் பார்ப்பதாகச் சொன்னீர்கள். அடுத்த வாரம் நீங்கள் இல்லை. அப்படித் திடீரென்று நின்றுபோகிற நெஞ்சா உங்களுடையது?

ஓராண்டுக்கு மேல் அது எப்படியோ ஓடியது. போன மாதம் கம்ப்யூட்டர் மந்தமாக இருக்கிறதென்று கடையில் கொடுத்தோம். சிஸ்டத்தைப் புதுப்பித்துத் தந்தார்கள். வேகம் கூடியது, 'டீ'யைத் தவிர எல்லா வார்த்தையும் ஊமையாகிவிட்டது.

"போன்ல ஆப் இருக்கு பாட்டி, அது போதும் லா" என்றாள் உங்கள் மகள். நடுங்கும் விரலுக்கு அந்தச் சின்ன எழுத்துகள் அகப்படவில்லை. மாமா போனை சோபாவில் எறிந்தார். நான் முகத்தைப் பார்த்து ஊகித்து ஊகித்தே ஓட்டினேன். வலிக்கிறதா என்று கேட்டால் இல்லையென்று தலையை ஆட்டுவார். வலி என்று அவர் என் முகத்தைப் பார்த்துச் சொன்னதே கிடையாது. மெஷினிடம் மட்டும் சொல்வார்.

கடைசியில் உங்கள் மகளைப் பிடித்து உட்கார வைத்தேன். நீங்கள் போனபின் உங்கள் பொருள் எதையும் அவள் தொட்டதில்லை.

"அப்பா எழுதினதை நான் மாத்த மாட்டேன் பாட்டி."

"மாத்தாதே. அது யாரைக் கூப்பிடுதுன்னு மட்டும் பாரு."

'தண்ணி'யைத் திறந்து வெகுநேரம் பார்த்தாள். "பாட்டி, உள்ள வேலை செய்யறதுக்கும் இதே பேரு. முன்னாடி அது முதல்ல கண்ணுல பட்டுச்சு. இப்ப தேடுற வரிசை மாறிப்போச்சு. அதனால இது தன்னையேதான் கூப்பிட்டுட்டு இருக்கு, நிக்காம." முகவரி போடச் சொன்னேன். போட்டாள். "அப்பாவோட வரியை அழிக்கல. முன்னாடி முகவரி மட்டும்தான் சேர்த்தேன்" என்று இரண்டு தடவை சொன்னாள்.

'தண்ணி வேணும்' என்றது கம்ப்யூட்டர். கைதட்டிக்கொண்டே ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தேன். மாமா தம்ளரைத் தள்ளிவிட்டார். அவர் விரல் வேறொரு எழுத்துக்குப் போனது, ஆங்கிலத்தில் 'வலி'க்கு முதல் எழுத்து. 'வி'. திரும்பவும் அதே 'வி'.

"வலியைப் பாருடி முதல்ல!"

அதற்கு வேறு கோளாறு. பழைய சிஸ்டத்தில் இருந்த ஒரு இடத்தைத் தேடிப் போய்க்கொண்டிருந்தது. அந்த இடமே இப்போது இல்லையாம். இரவுச் சாப்பாடு ஆறிப்போனது. அவள் சரிசெய்து முடித்துக் கையை எடுத்ததும் மாமா தட்டினார்.

'வலிக்குது.' மறுபடி தட்டினார். 'வலிக்குது.' நிறுத்தவே இல்லை.

உங்கள் மகள் மண்டியிட்டு அவர் காலைத் தூக்கிப் பார்த்தாள். குதிகாலில், சக்கர நாற்காலியின் கம்பி படுகிற இடத்தில், தோல் கறுத்துப் புண்ணாகியிருந்தது. தினமும் அதே காலுக்குத்தான் காலுறை மாட்டிவிட்டேன், மாப்பிள்ளை.

பாலிகிளினிக்கில் கட்டுப் போட்டார்கள், ஆறிவருகிறது. வார்த்தைகளில் பாதிக்கு மேல் இன்னும் ஊமைதான். ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு பழுது. உங்கள் மகள் வேலை முடிந்து வந்து, நேரம் கிடைக்கிற அன்று ஒன்றைத் திறக்கிறாள். அவளுக்கும் அலுப்பு, எனக்கும் அலுப்பு. ஆனாலும் உங்கள் எழுத்தை இப்போது பயமில்லாமல் படிக்கிறாள்.

முன்பெல்லாம் வீடு சத்தமில்லாமல் இருந்தால் நிம்மதியாகக் கண்ணை மூடுவேன். இப்போது முடிவதில்லை. முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்துபோய், அவர் காலைத் தூக்கிப் பார்த்துவிட்டு வந்து உட்காருகிறேன்.