வெறும் மண் ஒரு சாண்

செப்டம்பர் 4

அன்புள்ள டீச்சரம்மாவுக்கு,

கிணத்துக்காரன் எழுதிக்கிறது. சௌக்கியமான்னு கேட்டா நீ ஒரே வரியில முடிச்சிடுவ. அதனால கேக்கல.

உன் கடிதாசு வந்துச்சு. ஆறாங்கிளாஸ் பிள்ளைங்களுக்குப் பழைய சரித்திரம் நடத்தறேன், மண்ணைத் தோண்டி அந்தக் காலத்து ஆளுங்க எப்படி வாழ்ந்தாங்கன்னு கண்டுபிடிக்கறதைக் காட்டணும், வீட்டுல கிடக்கற ஓட்டை உடைசலை ஒரு பெட்டியில போட்டு அனுப்புங்கன்னு எழுதியிருந்த. கல்யாணமாகி பன்னெண்டு வருஷத்துல உன் பாடத்துக்காக என்கிட்ட ஒண்ணு கேட்டது இதுதான் முதல் தடவை. தபால்காரன் போகாம நின்னுக்கிட்டு, "என்ன, டீச்சர் வர்றாங்களாமா?"ன்னான். "இல்லப்பா, ஓட்டை உடைசல் வேணுமாம்"னேன். "அப்ப உன்னையே பார்சல் பண்ணிடு"ன்னான். சிரிச்சேன். சிரிக்காம என்ன பண்றது.

தோண்டறதைப் பத்தி எனக்கா தெரியாது? போன வாரம் தச்சர் வீட்டுக் கிணத்துல தூர் வாரும்போது ஒத்தைச் செருப்பு வந்துச்சு. தச்சர் அது அவங்கப்பா செருப்புங்கறார், அவர் சம்சாரம் இல்லவே இல்லைங்கறாங்க. கடைசியில அவரே கால்ல மாட்டிப் பார்த்தாரு. மாட்டினது கழலல. சோப்புத்தண்ணி ஊத்தி உருவினோம். சரி, எங்கயோ போயிட்டேன்.

பெட்டி இத்தோட வருது. கொல்லை மண்ணு போட்டிருக்கேன், கனக்கும். கவுத்திடாத. மேலேருந்து கொஞ்சம் கொஞ்சமா எடுக்கச் சொல்லு.

இன்னொண்ணு. உன் பழைய பள்ளிக்கூடத்துப் பியூனைப் பார்த்தேன். இந்த மாற்றல் ஒரு வருஷத்துக்குத்தான், திரும்பி வர்றாங்களா அங்கேயே இருக்காங்களான்னு நவம்பர் கடைசிக்குள்ள எழுதிக் கொடுக்கணும்னான். நீ சொல்லல. மாற்றலையே நீதான் கேட்டு வாங்கினன்னும் சொன்னான். அவன் வாய்க்கு வந்ததைச் சொல்வான்.

இப்படிக்கு,
கிணத்துக்காரன்


செப்டம்பர் 19

அன்புள்ள கிணத்துக்காரருக்கு,

பெட்டி வந்து சேர்ந்தது. அறைக்குத் தூக்கிப் போக முடியாமல் பள்ளியிலேயே வைத்துவிட்டேன். நான் முதலில் திறந்து பார்த்திருக்க வேண்டும். பார்க்காமல் அப்படியே வகுப்பில் வைத்தேன். கையில் கிடைத்ததை அள்ளிப் போட்டிருப்பீர்கள் என்றுதான் நினைத்தேன்.

ஒரு சாண் ஆழம் வரை வெறும் மண். பிள்ளைகளுக்குச் சப்பென்று போய்விட்டது. அதன் பிறகு வர ஆரம்பித்தது. தீர்ந்துபோன சிவப்புப் பேனாக்கள், கண்ணாடி போன என் மூக்குக்கண்ணாடி, முனை தேய்ந்த உங்கள் கடப்பாறைத் துண்டு. அதற்கும் கீழே நீலக் கோடு போட்ட பீங்கான் தம்ளர் ஓடுகள். அடியில் பல் உடைந்த இரண்டு சீப்புகள், நாம் முதலில் குடியிருந்த வீட்டின் சாவி. எது எந்த வருஷத்தது என்று எனக்கு மட்டும்தான் தெரியும். பழையது அடியில், புதியது மேலே என்று, நீங்கள் ஒன்றைக்கூட இடம் மாற்றி வைக்கவில்லை.

"ரெண்டு பேர் இருந்திருக்காங்க மிஸ். ஒருத்தர் எழுதற வேலை, ஒருத்தர் தோண்டற வேலை."

"ஒரே மாதிரி தம்ளர்ல குடிச்சிருக்காங்க."

"அப்புறம் வீட்டைக் காலி பண்ணிட்டாங்க. மேல வெறும் மண்ணுதானே? பொருள் இல்லேன்னா ஆள் இல்லேன்னு நீங்கதான் சொன்னீங்க."

"போயிட்டாங்களா, செத்துட்டாங்களா மிஸ்?"

நல்லவேளையாக மணி அடித்தது.

அந்த ஒரு சாண் மண் எதற்கு? பெட்டி நிரம்பவில்லை என்றா?

பியூன் சொன்னது உண்மைதான். நானே கேட்டு வாங்கினேன். தச்சரிடம் பேசுவீர்கள், தபால்காரரிடம் பேசுவீர்கள், தெருவில் போகிறவரை நிறுத்தி வைத்துப் பேசுவீர்கள். இன்றைக்கு என்ன பாடம் நடத்தினாய் என்று பன்னிரண்டு வருஷத்தில் ஒருநாள் கேட்டதுண்டா? அதைச் சொல்லிவிட்டு வர எனக்குத் தைரியம் இல்லை. ஆர்டர் தானாக வந்துவிட்டது என்று பொய் சொன்னேன்.

உங்கள்,
டீச்சர்


அக்டோபர் 2

அன்புள்ள டீச்சரம்மாவுக்கு,

பெட்டி நிரம்பலேன்னு மண்ணு போடல. ஒவ்வொரு வருஷத்துக்கும் ஏதாச்சும் ஒண்ணு கிடைச்சுது. நீ போன பிறகு உள்ளதுக்குத் தேடினேன். பரண்ல தேடினேன், கட்டிலுக்கடியில தேடினேன். ஒண்ணும் இல்ல. ஒரு தட்டு, ஒரு தம்ளர். கழுவிக் கவுத்திடறேன். எதுவும் தேயல, எதுவும் உடையல. இல்லாததை எப்படி அனுப்பறது? அதான் மண்ணு. மூணு மாசத்துக்கு ஒரு சாண் அதிகம்தான். எனக்கு அவ்வளவு இருந்துச்சு.

நான் கேக்கலேங்கறது நிசம். கேட்டா நீ சொல்வ, சொன்னா எனக்குப் புரியாது, புரியலேன்னு நீ கண்டுபிடிச்சிடுவ. எழுத்தே நீ சொல்லிக்கொடுத்து வந்ததுதானே. அந்தப் பயத்துல ஊர்க்கதை பேசியே பொழுதை ஓட்டிட்டேன்.

இப்பக் கேக்கறேன். அந்தப் பாடத்துல அடுத்தது என்ன வரும்?

கிணத்துக்காரன்


நவம்பர் 28

அன்புள்ள கிணத்துக்காரருக்கு,

அடுத்தது நகரங்கள். செங்கல் வீடுகள், நேரான தெருக்கள். பிறகு அவற்றில் சில ஏன் காலியாயின என்பது. ஆறு திசை மாறியிருக்கலாம், மழை பொய்த்திருக்கலாம். பாடப்புத்தகத்தில் நாலு காரணம் இருக்கிறது. எது என்று யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது.

பரீட்சையில் ஒரு கேள்வி வைத்தேன்: பொருள் எதுவும் கிடைக்காத அடுக்கிலிருந்து என்ன அறிகிறோம்? எல்லோரும் ஆள் இல்லை என்று எழுதினார்கள். ஒரு பெண் மட்டும், "ஒரே ஆள் இருந்திருக்கலாம்" என்று எழுதியிருந்தாள். எப்படித் தெரியும் என்று கேட்டேன். "எங்க சித்தப்பா தனியாத்தான் இருக்காரு மிஸ். அவர் வீட்டுல எதுவுமே உடையாது. படு சுத்தமா இருக்கும்" என்றாள். முழு மதிப்பெண் போட்டேன். புத்தகத்தில் இல்லாததற்கு மார்க்கா என்று தலைமையாசிரியை கடிந்துகொண்டார். நான் மாற்றவில்லை.

இன்று அலுவலகத் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். இங்கேயே இருக்கிறேன் என்று. உங்கள் கடிதத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் போட்டேன். அதைப் படித்துப் படித்து மடிப்பில் கிழிந்துவிட்டது. அந்த வீட்டைப் பற்றி நினைத்தால் இப்போது கோபம் வருவதில்லை. ஒவ்வொரு பொருளாக எடுத்துப் பார்க்கத் தோன்றுகிறது. திரும்பக் குடிவரத் தோன்றவில்லை. உங்கள் கேள்வி எனக்கு வேறொரு வருஷத்தில் வந்திருக்க வேண்டும்.

மன்னியுங்கள். சாப்பாட்டைத் தள்ளிப் போடாதீர்கள்.

டீச்சர்


டிசம்பர் 7

அன்புள்ள டீச்சரம்மாவுக்கு,

கடிதாசைத் தபால்காரன் கொடுத்துட்டு என் மூஞ்சியைப் பார்த்தான். ஒண்ணும் கேக்காமப் போயிட்டான். அவன் அப்படிப் போனதே இல்ல.

அந்தப் பொண்ணுக்கு மார்க்கு போட்டது நல்லது. யார் சொன்னாலும் குறைக்காத.

நேத்து காலையில தம்ளர் உடைஞ்சிடுச்சு. நீலக் கோடு போட்டதுல கடைசி. கை தவறினதா, நானா விட்டதான்னு எனக்கே சரியாத் தெரியல. உடைஞ்ச துண்டைப் பொறுக்கித் துணியில சுத்தி அனுப்பியிருக்கேன். விளிம்பு கூரா இருக்கு, பிள்ளைங்க கையைக் கிழிச்சிக்கப் போறாங்க, நீயே எடுத்து வையி. அந்த வெறும் மண்ணுக்கு மேல வையி. அந்த வீட்டுல இன்னும் ஆள் இருக்குன்னு பிள்ளைங்களுக்குத் தெரியணும்.

நாலு காரணத்தையும் எழுது. மெதுவா எழுது, புரிஞ்சுக்கறேன்.

கிணத்துக்காரன்