டிரம்ஸ் மைக்கில் கேட்டது

மார்ச் 4

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் நிகழ்ச்சி டேப் பெட்டி நேற்று பஸ் பார்சலில் வந்து சேர்ந்தது. ஒரு மூலை நசுங்கியிருந்தது, உள்ளே பழுதில்லை. வண்டியில் பெட்டியின் மேல் உட்கார்ந்து வந்தது யார்? அந்த நெட்டைதானே? கிட்டார் வாசிக்கிறவன் என்றால் எதன் மேலும் உட்காரலாமா என்று அக்கா கேட்டதாகச் சொல்.

பக்கத்து வெல்டிங் பட்டறை மதியச் சாப்பாட்டுக்கு மூடும்போதுதான் எனக்கு டேப் கேட்டுத் திருத்தும் வேலை ஓடுகிறது. சுவர் முழுக்க மெத்தையைத் தொங்கவிட்டும் அந்தச் சத்தம் உள்ளே வந்துவிடுகிறது. இருந்தாலும் முதல் ஊர் நிகழ்ச்சியைக் கேட்டு முடித்துவிட்டேன். பாட்டுக்காரியின் குரல் இந்த முறை நன்றாகக் கனிந்திருக்கிறது. புதிதாக மவுத் ஆர்கன் வாசிக்க வந்திருக்கும் மருந்துக்கடைக்காரரை எங்கே பிடித்தீர்கள்? மனுஷன் என்னை அழவைத்துவிட்டார்.

கடைசிப் பாட்டை இழு இழு என்று இழுத்திருக்கிறீர்கள். உங்கள் ப்ளூஸ் பாட்டுக் கும்பலுக்குத் தொடங்கத்தான் தெரியும், முடிக்கத் தெரியாது. ஆனால் நடுவில் நீ திடீரென்று டிரம்ஸை நிறுத்துகிறாயே, எல்லாரும் உன்கூடவே நின்று, கூட்டமே மூச்சைப் பிடித்துக்கொண்டு, பிறகு நீ மறுபடி தொடங்கியதும் கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி கைதட்டல்! அது யார் யோசனை? சாப்பாட்டுத் தட்டு வருகிறவரை மேஜையைத் தட்டிக்கொண்டிருப்பவன் நீ. உனக்கு இவ்வளவு பொறுமை எப்போது வந்தது?

நேரத்துக்குச் சாப்பிடு. அத்தான் விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார்.

அன்புடன்,
உன் அக்கா


மார்ச் 11

அன்புள்ள அக்கா,

நீ என்னைப் பாராட்டி எழுதியதைக் கண்ணாடி போட்டு மாட்டி வைக்கலாம். பிறந்ததிலிருந்து இதுதான் முதல் தடவை.

அந்த நிறுத்தம் யாருடைய யோசனையும் இல்லை. உண்மையைச் சொன்னால், நான் நிறுத்தியதே எனக்குச் சரியாக ஞாபகமில்லை. வாசிப்பில் அப்படி முழுகிவிட்டேன் போலிருக்கிறது. மேடையை விட்டு இறங்கியதும் நெட்டை என்னைக் கட்டிப்பிடித்து, "எங்கடா கத்துக்கிட்ட இதை?" என்றான். நானும் பெரிய ஆள் மாதிரி சிரித்து வைத்தேன். எங்கள் மேடைச் சட்டம் உனக்குத் தெரியுமே. ஒருவன் என்ன செய்தாலும் மற்றவர்கள் ஏன் என்று கேட்கக் கூடாது, கூடப் போகவேண்டும். அதனால்தான் எல்லாரும் நின்றார்கள்.

இப்போது ஜனங்கள் அதற்காகவே வருகிறார்கள். ரெக்கார்டு கம்பெனிக்காரர் ஒருவர் கேட்டுவிட்டு, "அந்த எடம் இருந்தா ரெக்கார்டு போட்டுடலாம்"னு சொல்லியிருக்கிறார். அடுத்த இரண்டு ஊர் டேப்பும் அனுப்பியிருக்கிறேன். நல்லதாகப் பார்த்து எடு.

வண்டி எப்போதும் போல நான்தான் ஓட்டுகிறேன். இந்தப் பக்கம் மலைப்பாதை கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கிறது. அத்தானைக் கேட்டதாகச் சொல்.

உன் அருமைத் தம்பி


மார்ச் 16

தம்பி,

இதைத் தனியாக இருக்கும்போது படி.

டேப்பில் ஒவ்வொரு மைக்கின் பதிவையும் தனித்தனியாகத் திறந்து, மற்றதை மூடிவிட்டுக் கேட்பது என் வழக்கம். நேற்று உன் டிரம்ஸ் மைக்கை மட்டும் திறந்து அந்த இடத்தைக் கேட்டேன். முதலில் குச்சி கீழே விழுந்து உருள்கிறது. பிறகு டிரம்மின் தோலை யாரோ விரலால் தடவிக்கொண்டே இருக்கிற சத்தம். கூடவே வாயில் எதையோ மெல்லுகிற சத்தம். தூரத்தில் நெட்டை மெதுவாக, "டேய், வரலாமா?" என்கிறான். மறுபடியும் கேட்கிறான். நீ பதில் சொல்லவில்லை. மெல்லுகிறாய்.

இரண்டாவது ஊர் டேப்பிலும் அப்படியேதான். குச்சி, தடவல், மெல்லுதல். மூன்றாவதிலும் அதே வரிசை. வேண்டுமென்றே நிறுத்துகிறவன் ஒவ்வொரு முறையும் குச்சியைக் கீழே போடுவானா?

நீ அப்போது சின்னப் பிள்ளை, உனக்கு நினைவிருக்காது. அப்பா கடைகளுக்கு போர்டு எழுதும்போது சில நேரம் தூரிகை அப்படியே நின்றுவிடும். வாய் எதையோ மெல்லும். விரல் சட்டை ஓரத்தைத் தடவும். கூப்பிட்டால் கேட்காது. யோசனைக்கார மனுஷன் என்று நாங்கள் எல்லாரும் கேலி செய்வோம். அவர் விழுந்து இறந்த அன்று, ஏணி வழுக்கிவிட்டது என்றுதான் ஊரே சொன்னது. நான் கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தேன், தம்பி. ஏணி அசையவே இல்லை.

எனக்குப் பயமாக இருக்கிறது. டிரம்ஸ் நின்றால் ஜனங்கள் கைதட்டுவார்கள். மலைப்பாதையில் ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும்போது இது வந்தால்? டாக்டரைப் பார்க்கும்வரை சாவியைத் தொடாதே. கெஞ்சிக் கேட்கிறேன்.

உன் அக்கா


மார்ச் 22

அக்கா,

அப்பாவை எதற்கு இதில் இழுக்கிறாய்? படித்துவிட்டு அன்று முழுக்கச் சோறு இறங்கவில்லை.

குக்கர் விசில் அடித்தாலே பதறுகிறவள் நீ. மெத்தை மாட்டிய அறையில் நாள் முழுக்கத் தனியாக உட்கார்ந்து ஹெட்ஃபோனில் கேட்டால் எறும்பு நடக்கிறதும் பூகம்பமாகத்தான் தெரியும். டிரம்ஸ்காரன் எப்போதும் எல்லாருக்கும் பின்னால் உட்கார்ந்திருப்பவன். இத்தனை வருஷத்தில் இப்போதுதான் ஜனங்கள் என்னைத் தேடி எட்டிப் பார்க்கிறார்கள். அது உனக்குப் பொறுக்கவில்லையா?

நான் நினைத்துத்தான் நிறுத்துகிறேன். நம்பவில்லையா, நிரூபிக்கிறேன். அடுத்த நிகழ்ச்சியில் நிறுத்தும்போது டிரம்ஸ் மைக்கில் உன்னைக் கூப்பிடுகிறேன். கேட்டுக்கொள். அதோடு இந்தப் பேச்சை விட்டுவிடவேண்டும்.

தம்பி


மார்ச் 29

பயந்தாங்கொள்ளி அக்காவுக்கு,

டேப் இத்துடன் இருக்கிறது. நிகழ்ச்சி முழுக்க ஒரே ஒரு இடத்தில்தான் நிறுத்தினேன். கூப்பிட்டிருக்கிறேன். கேட்டுவிட்டு ஒரு டம்ளர் தண்ணீர் குடித்து, நிம்மதியாகத் தூங்கு. அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை மலை இறங்குகிறோம்.

தம்பி


ஏப்ரல் 3

என் தம்பிக்கு,

கேட்டேன். "பயந்தாங்கொள்ளி, பயந்தாங்கொள்ளி" என்று நீ கிசுகிசுப்பதும், அடக்க முடியாமல் சிரிப்பதும் அவ்வளவு தெளிவாக இருந்தது. நானும் சிரித்தேன், அழுதேன். அத்தானைக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டினேன். அவர், "இதுக்காடி இத்தனை நாளா தூங்காம இருந்த?" என்றார். எனக்கும் வெட்கமாகத்தான் இருந்தது.

டேப்பை ஓடவிட்டுவிட்டுத் துணி மடித்துக்கொண்டிருந்தேன். அடுத்த பாட்டில் நீ மறுபடியும் நிற்கிறாய்.

ஒரே ஒரு இடத்தில்தான் நிறுத்தினேன் என்று எழுதியிருக்கிறாய். நீ பொய் சொல்லவில்லை. உனக்குத் தெரியவே இல்லை. நீ என்னைக் கூப்பிட்டபோது குச்சி கையிலேயே இருக்கிறது. இரண்டாவது இடத்தில் விழுகிறது, உருள்கிறது, விரல் தடவுகிறது, வாய் மெல்லுகிறது. அதற்குத்தான் கைதட்டல் அதிகம்.

நீங்கள் தங்கியிருக்கும் ஹோட்டலுக்குப் போன் போட்டேன். ரூமில் இல்லை என்றார்கள். பின்னால் நீ, "இல்லன்னு சொல்லிடுங்க" என்று சொன்னது கேட்டது. காதை வைத்துப் பிழைக்கிறவளிடமா உன் வேலையைக் காட்டுகிறாய்?

அதனால் ஒரு காரியம் செய்திருக்கிறேன். டிரம்ஸ் மைக்கை மட்டும் ஒரு கேசட்டில் எடுத்து அத்தானிடம் கொடுத்திருக்கிறேன். இந்தக் கடிதமும் அவர் கையில்தான் வருகிறது. ஞாயிற்றுக்கிழமைக்குள் எப்படியாவது வந்துவிடுவார். கேசட் உனக்கு இல்லை. பாட்டுக்காரிக்கும் மருந்துக்கடைக்காரருக்கும். உங்கள் மேடைச் சட்டத்தை உடைத்து, ஏன் என்று உன்னைக் கேட்கச் சொல்லியிருக்கிறேன். சாவியைப் பிடுங்கச் சொல்லியிருக்கிறேன்.

இனி நீ என்னோடு பேசவேமாட்டாய் என்று தெரியும். ரெக்கார்டும் வராமல் போகலாம். பரவாயில்லை. என்மேல் கோபமாகவாவது நீ உயிரோடு இரு.

அக்கா


ஏப்ரல் 9

அக்கா,

அத்தானை வாசலிலேயே நிற்கவைத்துத் திட்டிவிட்டேன். பாவம், பஸ்ஸில் நின்றுகொண்டே வந்த மனுஷன். காலைப் பிடிக்காத குறையாக மன்னிப்புக் கேட்டுவிட்டேன். உன்னைத் திட்டி எழுதியதைக் கிழித்துப் போட்டுவிட்டேன்.

பாட்டுக்காரி எல்லாரையும் உட்காரவைத்துக் கேசட்டைப் போட்டாள். நான் கையைக் கட்டிக்கொண்டு சுவரில் சாய்ந்து நின்றேன், என்னதான் இருக்கிறது பார்ப்போம் என்று. குச்சி விழுந்தது. நெட்டை குரல் வந்தது. "டேய், வரலாமா?" மெல்லுகிற சத்தம் மட்டும் வந்துகொண்டே இருந்தது. அது என் வாய் என்று நம்பவே முடியவில்லை. நான் அங்கே உட்கார்ந்திருக்கிறேன், ஆனால் அங்கே நான் இல்லை. எங்கே போயிருந்தேன் அக்கா?

நெட்டை எழுந்து வெளியே போய் அழுதான். "இதுக்கா நான் உன்னைக் கட்டிப்பிடிச்சேன்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். மருந்துக்கடைக்காரர்தான் என் தோளைப் பிடித்து, "இதுவும் ஒரு மாதிரி வலிப்புதான். எங்கிட்ட இதுக்கு மாத்திரை வாங்கறவங்க எத்தனையோ பேரு இருக்காங்க தம்பி. எல்லாரும் நல்லாத்தான் இருக்காங்க. மொதல்ல டாக்டரப் பாக்கலாம்" என்றார். சாவி இப்போது அவரிடம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மலை இறங்கவில்லை.

அவர்களிடம் சொல்லாததை உன்னிடம் சொல்கிறேன். போன மாதம் ஒரு நீளமான பாலம். பாலம் வருவதைப் பார்த்தேன். அடுத்து பார்த்தால் பாலத்துக்கு அந்தப் பக்கம், மண்ணில் இறங்கி வண்டி நிற்கிறது, ஒரு பக்கக் கண்ணாடியைக் காணோம். எல்லாரும் தூக்கத்திலிருந்து அலறி எழுந்தார்கள். டயர் இழுத்துவிட்டது என்று சொன்னேன். நானும் அதைத்தான் நம்பினேன். அந்தப் பாலம் எனக்கு இன்னும் ஞாபகம் வரவில்லை. கண்ணை மூடினால் பின் சீட்டில் ஒருத்தர்மேல் ஒருத்தர் சாய்ந்து தூங்கியவர்கள் முகம்தான் வருகிறது.

ரெக்கார்டு கம்பெனிக்காரர் இன்னும் அந்த இடம் வேண்டும் என்றுதான் சொல்கிறார். கும்பலில் மற்றவர்கள் முடிவை என்னிடமே விட்டுவிட்டார்கள். வெட்டிவிடு அக்கா. எல்லா டேப்பிலும் வெட்டிவிடு. ரெக்கார்டு வராவிட்டால் போகட்டும். அந்தக் கைதட்டலை என்னால் கேட்க முடியவில்லை. நான் காணாமல் போனதற்குத் தட்டுகிறார்கள்.

அத்தான் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்கிறார். எனக்குத் தெருவைத் தாண்டவே பயமாக இருக்கிறது. அவரை இங்கே இருக்கச் சொல்லிவிட்டேன், நீ கிளம்பி வா. நடுவில் நான் நின்றுபோனால், அது உனக்குத்தான் கேட்கும்.

தம்பி