உங்கள் பின்வீச்சும் என் அறிக்கையும்

இன்று காலை தச்சர் வந்து எங்கள் வாசல் கதவுக்கு ஆளிவிதை எண்ணெய் பூசிக்கொண்டிருந்தார். உள்ளே தேநீர் குடித்துக்கொண்டிருந்த எனக்கு அந்த மணம் வந்ததும் குடிக்க முடியவில்லை. உங்கள் தூண்டில் பட்டுக் கயிற்றின் மணம் அது. வாவியிலிருந்து திரும்பியதும் அக்கா வீட்டு வளவில் இரண்டு தென்னைகளுக்கு நடுவே கயிற்றைக் கட்டி, பழந்துணியில் எண்ணெய் தொட்டு, ஒரு முனையிலிருந்து மறு முனைவரை மெல்லத் துடைத்துக்கொண்டே போவீர்கள். அந்த நடையைக்கூட நான் சந்தேகத்தோடுதான் பார்த்தேன். தென்னைகளுக்கிடையே எத்தனை அடி என்று காலால் அளந்து எழுதியும் வைத்தேன்.

நான் ஆரையம்பதிக்குக் கலியாணம் முடித்து வந்தவன். நீங்கள் பத்தொன்பது வயதில் பர்மாவுக்குப் போனதை நான் காணவில்லை. நாற்பத்தொரு வயதில், ஜப்பான்காரனுக்குத் தப்பி ஒரு மாசி மாதம் திரும்பி வந்தபோது நான் ஊருக்கு விதானை, அரசாங்கக் கச்சேரிக்கு ஊரைப் பற்றிப் பதில் சொல்லும் தலைவன். உடுத்த சாறமும் ஒரு சட்டையும்தான் உங்களிடம் இருந்தன. மாற்றுச் சட்டைகூட இல்லாதவர், துணி உறையில் நீளமான எதையோ கட்டிக்கொண்டு வந்திருந்தீர்கள். சுடுகிற துவக்கு என்றார்கள் சிலர். உறையைத் திறந்து காட்டச் சொன்னேன். மூன்று துண்டாகக் கழற்றிப் பூட்டுகிற மூங்கில் தடி ஒன்றும், பட்டுக் கயிறு சுற்றிய ஒரு பித்தளை உருளையும், சேவல் இறகு கட்டிய தூண்டில் முட்கள் கொஞ்சமும் இருந்தன.

"இரை எங்க?" என்றேன்.

"இறகுதான் இரை."

இறகைத் தின்கிற மீனை ஆரையம்பதியில் யாரும் கண்டதில்லை. உங்கள் அக்காவைத் தனியே கூப்பிட்டு, வந்திருப்பவர் உண்மையிலேயே அவர் தம்பிதானா என்று கேட்டேன். "என்ட தம்பிய எனக்குத் தெரியாதா கா?" என்று சிரித்தார். கேள்வி முடியுமுன்னே பதில் வந்துவிட்டதே என்று அதையும் மனதில் குறித்துக்கொண்டேன்.

நீங்கள் நேரே வாவிக்குப் போயிருந்தால் யாரும் பேசியிருக்க மாட்டார்கள். நீங்களோ விடிந்ததும் கரைக்கு அப்பால் வெறும் புல்வெளியில் நின்று, முள் இல்லாத கயிற்றின் நுனியில் வெள்ளைக் கம்பளி நூலைக் கட்டி, முன்னும் பின்னுமாக வீசினீர்கள். ஒவ்வொரு வீச்சிலும் தலையைத் திருப்பிப் பின்னால் பார்த்தீர்கள். பங்குனி முடிவில் திருகோணமலையில் குண்டு விழுந்தது. அடுத்த வாரமே கச்சேரிக்குப் பெயர் போடாமல் ஒரு மொட்டைப் பெட்டிசம் போயிற்று: பர்மாவிலிருந்து வந்தவர் காலையில் வெள்ளை அடையாளம் காட்டுகிறார், அது கடலில் நிற்கிற ஜப்பான் கப்பலுக்கு. அவரைக் கவனித்து வாரந்தோறும் அறிக்கை அனுப்பு என்று எனக்குக் கட்டளை வந்தது.

அன்றைக்குத்தான் நான் புல்வெளிக்கு வந்தேன்.

"என்ன விதானையார், பாத்துக்கொண்டு நிக்கிறீங்க?"

"இதப் பழகலாமா எண்டு யோசிக்கிறன்."

"ஏன்?"

"மீன் பிடிக்கத்தான்."

"மீனுக்கு வல இரிக்கே."

நீங்கள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தடியை என் கையில் தந்தீர்கள்.

வீசத் தெரியாதவன் கையில் அந்தத் தடி என்ன பாடு படும் என்று அன்றுதான் அறிந்தேன். வலை வீசுகிற பலத்தோடு வீசினேன். கயிறு என் தலைமேல் குவியலாக விழுந்தது. அடுத்த முறை சவுக்கடி போலச் சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தைத்தான் ஊரார் வெடி என்றார்கள். "கயிறு பின்னால நீள முந்தி முன்னால இழுத்தா இப்பிடித்தான் கத்தும். முள்ளும் அறுந்து போயிரும்," என்றீர்கள். ஏன் பின்னால் பார்க்கிறீர்கள் என்று, ஏதோ சாதாரணமாகக் கேட்பதுபோலக் கேட்டேன். "கயிறு நீண்டுட்டா எண்டு பாக்க வேணாமா? பின்னால பிழைச்சா முன்னால சரிவராது."

வீட்டுக்குப் போய் அறிக்கையில் எழுதினேன்: அடிக்கடி பின்னால் பார்க்கிறார், காரணம் சொல்கிறார்.

என் குறை மணிக்கட்டில் இருந்தது. தடி என் காதுக்கு நேரே நிற்க வேண்டிய இடத்தில் நான் மணிக்கட்டை மடக்கி, நுனி நிலத்தைத் தொடுமளவு பின்னால் சாய்த்தேன். கயிறு தாழ்ந்து போய்க் கண்டல் செடிகளில் சிக்கியது. உங்கள் தலைத்துண்டைக் கிழித்து, தடியின் அடியையும் என் மணிக்கட்டையும் சேர்த்துக் கட்டிவிட்டீர்கள். மடக்க நினைத்தாலும் மடங்காது. "மேல தூக்குங்க, நிப்பாட்டுங்க, ஒண்டு ரெண்டு எண்ணுங்க, இப்ப முன்னால." பலத்தைக் குறைக்கக் குறைக்கக் கயிறு தூரம் போனது. அது எனக்குப் பிடித்திருந்தது என்பதை இப்போது ஒளிக்காமல் சொல்கிறேன். அதற்காகவே காலையில் எழும்பினேன். ஆனாலும் கயிற்றோடு கண்ணைக் கடல் பக்கம் திருப்பி, ஏதாவது தெரிகிறதா என்றும் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஆடி மாதத்தில் என் மணிக்கட்டுத் துணியை அவிழ்த்துவிட்டீர்கள். முழங்காலளவு தண்ணீரில் நின்று வீசினேன். கயிறு பின்னால் போய் நீண்டது, நின்றது, பிறகு என் தலைக்கு மேலே ஒரு சிறிய வளைவாகப் போய்த் தண்ணீரில் சத்தமில்லாமல் படுத்தது. இறகை இரண்டு முறை இழுத்திருப்பேன், ஒரு கொடுவா மீன் பாய்ந்து விழுங்கியது. உருளை அலறியது. "விட்டுக் குடு மச்சான், விட்டுக் குடு!" என்று நீங்கள் தண்ணீரில் ஓடிவந்தீர்கள். மச்சான் என்று நீங்கள் என்னைக் கூப்பிட்ட முதல் நாள் அது. அன்று நான் அறிக்கை எழுதவில்லை.

அடுத்த வாரம் எழுதினேன். நீங்கள் குளிக்கப் போயிருந்தபோது உங்கள் தகரப் பெட்டியைத் திறந்தேன். ஒரு கொப்பி இருந்தது. முதல் பக்கத்தில் வாவியின் படம்: வளைவுகள், ஆழங்கள், குறுக்குக் கோடுகள், பக்கத்தில் நேரங்கள். நினைத்ததுதான் சரி என்று எனக்கு ஒரு திருப்தி வந்தது. அதையும் நான் மறைக்கக்கூடாது. படியேறும் சத்தம் கேட்கவே கொப்பியை வைத்துவிட்டேன். இரண்டாம் பக்கத்தை நான் புரட்டவில்லை. அன்று மத்தியானமே கச்சேரிக்கு ஆள் அனுப்பினேன்.

மறுநாள் உங்களைக் கொண்டுபோனார்கள். வாசலில் நின்ற என்னைப் பார்த்து அக்கா, "விதானையார், நீங்க ஒரு சொல்லுச் சொல்லுங்க கா, உங்களுக்குத் தெரியும்தானே!" என்று அழுதார்.

நாலாம் நாள் விசாரணைக்கு என்னைக் கூப்பிட்டார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு துரையும் மொழிபெயர்ப்பவரும். மேசையில் உங்கள் தடி, கொப்பி, என் அறிக்கைகள் எல்லாம். நீங்கள் சுவரோரம் நின்றீர்கள். முதலில் என் அறிக்கைகளை ஒவ்வொன்றாக வாசித்தார்கள். நீங்கள் அசையாமல் கேட்டீர்கள். பிறகு துரை, ஓடிவருகிறவன் எல்லாவற்றையும் விட்டுவிட்டு இதை மட்டும் எதற்குக் கொண்டுவந்தான் என்று கேட்டார்.

"கைல இருந்தது," என்றீர்கள். "அண்டைக்கு விடிய வெள்ளாப்பில ஊருக்கு வெளிய ஏரிக்குப் போயிட்டன். திரும்பி வரக்குள்ள குண்டு விழுந்து வீடு இல்ல. பெஞ்சாதியும் இல்ல. இதுதான் கைல இருந்தது."

மொழிபெயர்ப்பவர் அதைச் சொல்லி முடித்ததும் துரை கொப்பியை என் பக்கம் தள்ளி, உரக்க வாசிக்கச் சொன்னார். படத்திலிருந்த குறுக்குக் கோடுகள் கொடுவா மேய வருகிற இடங்கள். நேரங்கள் தண்ணீர் ஏறி இறங்குகிற நேரங்கள். இரண்டாம் பக்கத்தைப் புரட்டினேன். மேலே என் பெயர் இருந்தது.

'விதானையார். முதல் நாள். மணிக்கட்டு மடங்குது. பலம் கூட. கோபப்படுறார் இல்ல.' அடுத்த வரி: 'ஆறாம் நாள். எண்ணுறார், ஆனா வாய்க்குள்ள. கயிறு கத்திறது குறைஞ்சிருக்கு.' அப்படியே பக்கம் பக்கமாக. ஒவ்வொரு காலையும் நான் எங்கே பிழைத்தேன், எது சரிவந்தது, அடுத்த நாள் எதைத் திருத்த வேண்டும் என்று. கடைசிப் பக்கத்தில், 'இண்டைக்குக் கொடுவா. இனி இவருக்கு நான் தேவையில்ல. ஒரு தடி செஞ்சு குடுக்கோணும்.' அந்த வரியோடு நிறுத்தினேன். துரை, மேலே வாசி என்றார். மேலே எதுவும் இல்லை என்றேன். உங்கள் பக்கம் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை.

ஆனாலும் கொழும்பிலிருந்து விடுதலைத் தாள் வரும்வரை ஒன்பது வாரம் உங்களை வைத்திருந்தார்கள். தடியைத் திருப்பித் தந்தபோது நுனித்துண்டு முறிந்திருந்தது. ஒரு மூங்கிலைப் பிளந்து சீவி, நீங்களே புதியது செய்துகொண்டீர்கள்.

மாரி முடிந்து ஒருநாள் புல்வெளிக்கு வந்தேன். போகச் சொல்வீர்கள் என்று நினைத்தேன். "வாங்க விதானையார்," என்றீர்கள். மச்சான் போய்விட்டது. பிழையைத் திருத்தினீர்கள், காற்றுக்கு எதிரே தாழ்வாக வீசவும் பழக்கினீர்கள். ஒன்று மட்டும் மாறியிருந்தது. நான் கரையில் நிற்கும்போது எனக்கு முதுகு காட்டி நீங்கள் தண்ணீருக்கு இறங்கவில்லை. எப்போதும் என்னை முன்னால் விட்டு, எனக்குப் பின்னால் நின்றீர்கள்.

ஜப்பான் சண்டை முடிந்து இரண்டாம் வருடம் நெஞ்சு வருத்தம் வந்து படுக்கையில் விழுந்தீர்கள். ஒரு பின்னேரம் அக்கா தண்ணீர் எடுக்கப் போயிருந்தார். நீங்கள் கண்ணைத் திறக்காமலே கேட்டீர்கள்:

"அந்தப் பெட்டிசமும் நீங்கதானா, விதானையார்?"

"இல்ல. அறிக்கைதான் நான். பெட்டிசம் நான் இல்ல. மாமாங்கக் கோயில்ல வந்து சத்தியம் பண்ணச் சொன்னாலும் பண்ணுவன்."

"சத்தியம் வேணாம். அறிக்கையில நீங்க ஒண்டும் பொய் எழுதல்லையே." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினீர்கள். "சரி."

அந்தச் 'சரி' நம்பியவர் சொல்கிற 'சரி' அல்ல என்று எனக்குத் தெரியும். ஒரு வாரத்தில் நீங்கள் போய்விட்டீர்கள்.

பெட்டிசத்தைக் கச்சேரியில் ஒரேயொரு முறை என் கண்ணில் காட்டினார்கள். அதை எழுதியவர் ழகரத்தின் வாலை அடுத்த வரிவரை இழுத்திருந்தார். நான் இன்னும் விதானைதான். காணி வழக்கு, மாட்டு வழக்கு, மரணப் பதிவு என்று தினமும் என்னிடம் தாள் வருகிறது. வருகிற ஒவ்வொன்றிலும் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்குமுன் ழகரத்தைத் தேடுகிறேன். சிரித்துப் பேசுகிறவர்களின் கடிதத்தில்தான் கூடுதலாகத் தேடுகிறேன். என் சொந்த மைத்துனர் கலியாணத்துக்கு எழுதிய அழைப்பைக்கூட வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அந்தக் கையெழுத்துக் கிடைத்தால் அதைக் கொண்டுபோய் இனி யாரிடம் காட்டுவேன் என்று மனைவி கேட்கிறாள். அவளும் ழகரம் எழுதத் தெரிந்தவள்தான்.