மூத்தவன் இடம்

அக்டோபர் 7

இன்றும் கதவைத் திறந்து வைத்துத்தான் சாப்பிட்டேன். சூப் ஆறிப்போனால் அதற்கு நானா பொறுப்பு?

மார்ச்சில் மலையிலிருந்து சரிந்த பனி, ஆட்டுக்கொட்டிலோடு என்னை மூடியது. அன்றிலிருந்து கதவு சாத்தினால் மூச்சு முட்டுகிறது. வாசலோரம், சின்னவர்கள் உட்காரும் இடத்தில் உட்காருகிறேன். அதில் யாருக்கு என்ன நஷ்டம்?

என் மனைவி புருல் மேலங்கியைக் கழற்றாமலே சாப்பிட்டாள். "மகன் கல்யாணத்துலயும் செருப்புக் குவியல் பக்கத்துலதான் உக்காருவீங்களா? சம்பந்தி கேட்டா, அவரு செருப்புக்குக் காவல்னு சொல்லிடவா?"

மூத்தவன் வாசலுக்கு நேர் எதிரே, கடைசி விரிப்பில் உட்கார்ந்து ஆசி சொன்னால்தான் விருந்து தொடங்கும். இந்தக் குடும்பத்தில் மூத்தவன் நான்.

அக்டோபர் 14

புருலின் வாயை அடைக்கத்தான் போனேன். நரின் நகரத்திலிருந்து செவ்வாய்தோறும் நம் ஊர் ஆஸ்பத்திரிக்கு மனநல மருத்துவர் வருகிறாள். நாஸ்குல் என்று பெயர். என் மகள் வயதுதான் இருக்கும்.

"வாங்க அக்சகால்" என்று, நரைதாடிப் பெரியவர்களை அழைக்கும் மரியாதையோடு அழைத்து, அறையின் உள்கோடியில், மூத்தவன் இடத்தில் உட்கார வைத்தாள். பிறகு கதவைச் சாத்தினாள்.

எப்படி வெளியே வந்தேன் என்று தெரியவில்லை. தொப்பி அங்கேயே கிடக்கிறது.

அக்டோபர் 21

தொப்பியை எடுத்துவரத்தான் போனேன்.

கதவு திறந்திருந்தது. வாசலிலேயே நின்றேன். "மிரண்ட குதிரைக்கெல்லாம் நான் வைத்தியம் பாத்திருக்கேன். புத்தகம் வாங்கி நானே படிச்சவன். எனக்கு நீ என்ன சொல்லித்தரப் போற?" என்றேன்.

"அந்தக் குதிரைங்களும் இப்படித்தான் வாசல்ல நின்னு பேசுச்சா?"

சிரிப்பு வந்துவிட்டது. உட்கார்ந்தேன், வாசலோரமாக.

அக்டோபர் 28

எல்லாவற்றையும் சொன்னேன். இருட்டு, வாயில் பனி, பக்கத்தில் ஆடுகளின் சூடு. ஒவ்வோர் ஆடாக மேலே தூக்குவது எனக்குக் கேட்டது. ஆமாம், முதலில் ஆட்டைத்தான் தோண்டி எடுத்தார்கள். என் தம்பியும்தான் அங்கே நின்றான். ஆடு மேலே கிடந்தது என்கிறான். அது ஒரு பதிலா?

எழுந்து ஓடப் பார்த்தேன். உள்ளங்காலைத் தரையில் அழுத்தி, மெதுவாக மூச்சை விடச் சொன்னாள். "கோவம் இருக்கட்டும் அக்சகால், அதை விட வேணாம். பயத்தை மட்டும் பாத்துக்கலாம்."

இப்படி எவரும் எனக்குச் சொன்னதில்லை.

நவம்பர் 4

கதவு பாதி சாத்தியிருந்தது. பொறுத்துக்கொண்டேன்.

நவம்பர் 11

என்ன அநியாயம். நான் போனபோது அவள் மூத்தவன் இடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். நரைதாடிக்காரன் செருப்பு பக்கத்தில், சின்னப்பெண் உள்ளே.

"உங்களுக்கு வாசல் பக்கம்தானே வசதி" என்கிறாள்.

"எந்திரி. யாரு வீட்டுல இப்படி வளத்தாங்க உன்னை?"

எழுந்துகொண்டாள். அங்கே போய் உட்கார்ந்து, பெரியவர்கள் முன்னால் எப்படி நடக்க வேண்டும் என்று நன்றாகத் திட்டினேன். தலையாட்டிக்கொண்டே தேநீர் ஊற்றினாள். இரண்டாவது கிண்ணத்தில்தான் உறைத்தது: நான் எங்கே உட்கார்ந்திருக்கிறேன். காலை அழுத்தினேன், மூச்சை விட்டேன். ஓடவில்லை.

இவள் அப்பாவியா, கள்ளியா? அவளையே கேட்டேன். மறுபடியும் தேநீர் ஊற்றினாள்.

நவம்பர் 18

மூத்தவன் இடத்திலேயே உட்கார்ந்தேன். கதவு ஒரு விரற்கடை திறந்திருந்தது. நடுவில் ஒருமுறை எழுந்து வெளியே போய்விட்டுத் திரும்பினேன். "திரும்பி வந்தீங்கல்ல, அதுதான் கணக்கு" என்றாள்.

நவம்பர் 30

நேற்று கல்யாணம். கடைசி விரிப்பில் உட்கார்ந்தேன். ஆசி சொன்னேன், சற்று நீளமாகவே. தம்பிக்கு இன்னும் முகம் கொடுக்கவில்லை.

கறி வரும்போது யாரோ கதவைத் திறந்தபடி விட்டுவிட்டார்கள். வெளியே கடும்பனி. "கதவைச் சாத்துங்கப்பா, குளிருது" என்று கத்தினேன்.

ஏனோ எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். தம்பிதான் எழுந்து போய்ச் சாத்தினான். புருல் தலைத்துணியின் முனையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சூப் நல்ல சூடாக இருந்தது.