கால் கழுவும் படம்

அன்புள்ள அண்ணைக்கு,

நான் விரும்பியவரின் பெயரைக்கூட நீங்கள் கேட்க விரும்பவில்லை. அதனால் கல்யாண ஒழுங்குகளை மட்டும் எழுதுகிறேன்.

மேளகாரர் கொடிகாமத்திலிருந்து சைக்கிளில் வருவார்கள். குண்டு போடும் விமானத்தின் சத்தம் கேட்டால் வாசிப்பை நிறுத்திவிடுவார்களாம். சம்மதித்தேன்.

படம்பிடிப்பவரிடம் ஒரேயொரு பிலிம் சுருள்தான் மிச்சம்.

"கண்டபடி எடுக்கேலாது, தங்கச்சி. மாப்பிள்ளைக்குக் கால் கழுவிற படம் வேணுமோ? பொம்பிளையின்ரை தமையன்தானே கழுவோணும், அவர் வாறாரோ?"

மாமாவின் மகன் கழுவுவான் என்று அம்மா மெல்லச் சொன்னா.

"அண்ணை கழுவினால் எடுங்கோ. இல்லாட்டி அந்த இடம் பிலிமிலை வெறுமையாக் கிடக்கட்டும்" என்றேன்.

"இந்தக் காலத்திலை பிலிமை வீணாக்கிற பொம்பிளையை இப்பதான் காணுறன்" என்று சிரித்தார்.

வெள்ளி காலை மாப்பிள்ளை எங்கடை வீட்டு வாசல் படலைக்கு வருவார். செம்பில் தண்ணீரை நானே நிறைத்து வைப்பேன்.

உங்கள் தங்கச்சி